பெயரில்லாத நான்கு வாரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் இணைப்பிதழில் கர்ப்பிணிப் பெண்களுக்கான உணவுமுறை பற்றி இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் அது 'மூன்றாம் மாதம் முதல்' என்று தொடங்குகிறது. அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, பரணில் கிடந்த என் பழைய டைரிகளை இறக்கினேன்.

நான் காரைக்குடிப் பக்கத்தில் 1984 முதல் 2018 வரை கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று சுற்றுவட்டாரத்தில் நான் நடக்காத தெரு குறைவு. தோளில் ஒரு பை. அதில் தராசு, ஊசி மருந்து, சத்து மாத்திரை, தாய்மார் பதிவேடு. பதிவேட்டில் முதலில் நிரப்ப வேண்டியது கடைசி மாதவிலக்குத் தேதி. அதைத் தேதியாகச் சொல்லும் பெண்ணை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. "குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் போனார்கள், நான் மட்டும் வீட்டில் இருந்தேன்" என்பாள் ஒருத்தி. "பிள்ளையார்பட்டித் தேருக்கு முந்தின நாள்" என்பாள் இன்னொருத்தி. நான் பஞ்சாங்கத்தைப் புரட்டி அதைத் தேதியாக்கி எழுதிக்கொள்வேன். அந்த நாளிலிருந்து 280 நாள் எண்ணினால் பேறுகாலம். 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம் வரும். 'பத்து மாதம் சுமந்து பெற்றேன்' என்று நம் பெண்கள் சொல்வது ஒப்புக்குச் சொல்வதில்லை, விரல்விட்டு எண்ணிய கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

பிள்ளை வளர்வதை நம்மவர்கள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். மசக்கை என்கிறோம், வளைகாப்பு என்கிறோம், நிறைமாதம் என்கிறோம். பிறந்த பிறகு தலை நின்றது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, தத்தித் தத்தி நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல், ஒரு பலகாரம், ஒரு மகிழ்ச்சி. ஆனால் கருத்தரித்த முதல் நான்கு வாரத்துக்கு மட்டும் நம்மிடம் பெயர் இல்லை, சடங்கு இல்லை. அந்த நான்கு வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கருமுட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். சேர்ந்து ஏறக்குறைய 30 மணி நேரத்தில் ஒன்று இரண்டாகப் பிரிகிறது. பிறகு நான்கு, எட்டு என்று பெருகிக்கொண்டே மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வந்து, ஆறு ஏழு நாளில் அதன் சுவரைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாம் வாரத்தில் அது தட்டையான இலைபோல இருக்கும். அந்த இலையின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் விழுகிறது. இரண்டு ஓரங்களும் எழும்பி, வெற்றிலையை மடிக்கும்போது விளிம்புகள் நெருங்கி வருவதைப்போல வந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குழாயாகின்றன. கழுத்துப் பக்கத்தில் தொடங்கி மேலேயும் கீழேயுமாக மூடிக்கொண்டு போகும். தலைப்பக்கம் 25ஆம் நாள் வாக்கிலும் இடுப்புப் பக்கம் 28ஆம் நாள் வாக்கிலும் மூடிவிடும். இதை நரம்புக்குழாய் என்பார்கள். மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் உண்டாகின்றன. இதற்குள் 22ஆம் நாள் வாக்கிலேயே இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும்.

கருவைச் சுமக்கும் பெண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவள் முதன்முதலாக நினைக்கும் அன்று கருவுக்கு வயது 14 நாள். குழாய் மூடுவதற்கு அதிலிருந்து இன்னும் 14 நாள்தான் மிச்சம். அந்த 14 நாளில் அவள் என்ன செய்வாள்? இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்பாள். கல்யாண அலைச்சலாக இருக்கும் என்பாள். கணவனிடம் சொல்லவே ஒரு வாரம் ஆகும். மாமியாருக்குத் தெரிந்தாலும் 'மூன்று மாதம் முடியட்டும், வெளியே சொல்ல வேண்டாம், கண்பட்டுவிடும்' என்பார். செவிலியரின் பதிவேட்டில் அவள் பெயர் ஏறும்போது எல்லாம் முடிந்து பல வாரங்கள் ஆகியிருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பாதி. மீதியை ஒரு வீட்டில் தெரிந்துகொண்டேன்.

1995 வைகாசியில் எங்கள் பகுதியில் ஒரு பெண் வாழ வந்தாள். பெரிய வீடுதான், ஆனால் பங்காளிகள் பலருக்குப் பொது. இவர்களுக்கு அதில் ஒரு பங்கு. அந்தப் பெண்ணை நான் முதலில் பார்த்தது ஆகஸ்ட் 28. டைரியில் இருக்கிறது. கடைசி மாதவிலக்கு ஜூன் 5. பன்னிரண்டு வாரம் நிறைந்திருந்தது. நல்ல திடமான பெண். எடை பார்த்தேன், சத்து மாத்திரை கொடுத்தேன், "கீரை சாப்பிடு" என்றேன். ஒவ்வொரு மாதமும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். வெற்று அட்டையை எடுத்து வைத்திருந்து எனக்குக் காட்டுவாள். அந்த மாத்திரையில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலம் என்ற சத்தும் இருந்தது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அந்த ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி காலையில், தீபாவளியை ஒட்டி, சூரிய கிரகணம் வந்தது. அன்று அவளை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கொல்லைப்புறம் போனாள் என்றும், வரும்போது அவரைக்காயை எடுத்து நறுக்கினாள் என்றும் பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பியது.

1996 மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 700 கிராம். அழுகை கணீரென்று இருந்தது. திருப்பிப் பார்த்தபோது இடுப்புக்கு மேலே, முதுகின் நடுவில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். தோல் மூடவில்லை, மெல்லிய சவ்வுதான் இருந்தது. அதன் வழியே ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கால்களைத் தொட்டேன், சுண்டினேன். அசைவில்லை. தண்டுவடம் மூடாமல் பிறந்த குழந்தை. மதுரைக்குக் கொண்டுபோனோம். அறுவை சிகிச்சை செய்து முதுகை மூடிக் கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கிரகணப் பேச்சு வளர்ந்திருந்தது. அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்காமல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. பதிவேட்டையும் டைரியையும் எடுத்துக்கொண்டு போய், ஆத்தங்குடிக் கல் பாவிய அந்த நடையில் உட்கார்ந்து, மாமியாரிடம் கணக்கைக் காட்டினேன். "ஆச்சி, இந்தப் பிள்ளை கருவில் தங்கியது ஜூன் 19 வாக்கில். முதுகு மூடியிருக்க வேண்டியது ஜூலை 17 வாக்கில், ஆடி பிறந்த நேரம். மூடாமல் போனதும் அப்போதே. கிரகணம் அக்டோபர் 24. நடுவில் ஏறத்தாழ நூறு நாள் இருக்கிறது. அவரைக்காய் நறுக்கியதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது."

அந்த ஆடி வாரத்தில் அந்த வீட்டில் கும்மாயத்துக்கு உளுந்து வறுத்திருப்பார்கள். அந்த உளுந்தில் ஒன்றின் அளவுதான் அப்போது அந்தப் பிள்ளை.

ஆச்சி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் யார் மேல் குற்றம், நர்சம்மா?" என்று கேட்டார். "யார் மேலும் இல்லை ஆச்சி" என்றேன். அது உண்மைதான். ஆனால் மதுரையில் மருத்துவர் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபோலிக் அமிலம் அந்த 28 நாளில் தாயின் உடம்பில் போதுமான அளவு இருந்தால் இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்று அவர் சொன்னார். ஆகஸ்ட் 28ஆம் தேதி நான் கொடுத்த மாத்திரையில் அந்தச் சத்து இருந்தது. ஆறு வாரம் பிந்திப் போயிருந்தது.

அந்தக் குழந்தை வளர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பச்சைப்பிள்ளையின் கண்ணுக்கு 20 முதல் 30 செண்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. இவளும் பால் குடித்தபடி தாயின் முகத்தையே பார்ப்பாள். பிறந்தவுடன் சேனை வைக்க வேண்டும் என்று ஒருவர் சீனித் தண்ணீரைக் கொண்டுவந்தார். நான் விடவில்லை. சீம்பால்தான் முதல் உணவு, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம், ஒரு வயது வரை தேனைத் தொட்டும் வைக்கக்கூடாது என்று அந்த வீட்டில் சண்டை போட்டே சாதித்தேன். ஆறாவது வாரம் தாயின் முகம் பார்த்துச் சிரித்தாள். அதில் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. நான்காம் மாதம் தலை நன்றாக நின்றது. ஐந்து மாதத்தில் எடை இரண்டு மடங்கானது. உச்சிக்குழி மட்டும் சில நாள் புடைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் மதுரைக்கு ஓடுவோம். முதுகு மூடாத பிள்ளைகளுக்குத் தலையில் நீர் தங்குவது உண்டு.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். பிள்ளை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். கிழங்கு கிழங்காக இருந்த பிள்ளை முதன்முதலாக உலகத்தை எழுந்து பார்க்கும் நேரம். எழுதியவர்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த மாதத்தில் ஒருநாள் போனேன். பாயில் கிடத்தியிருந்தார்கள். இவள் இரண்டு கைகளையும் அழுத்தமாக ஊன்றி, மார்பைத் தூக்கி, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கால்கள் இரண்டும் பின்னால், வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தன. ஒன்பதாம் மாதம் சப்பாணி. முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தால் இரண்டு கையையும் தட்டித் தட்டிச் சிரிப்பாள். இடுப்புக்கு மேலே எல்லாம் அந்தந்த மாதத்தில் வந்து சேர்ந்தது. அவள் தாய் என்னிடம் ஒருமுறை, "அக்கா, இவள் பாதிப் பிள்ளை இல்லை, முழுப் பிள்ளை, இல்லையா?" என்று கேட்டாள். "முழுப் பிள்ளைதான்" என்றேன். நாலரை வயதில் சிறுநீரகத்தில் கிருமி பரவி இறந்துபோனாள். அவள் பெயரைச் சொல்லி இன்றும் அந்த வீட்டில் விளக்கேற்றுகிறார்கள்.

அதற்குப் பிறகு இந்த ஃபோலிக் அமிலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். நம் குன்னூரிலும் அவர் சிறிது காலம் ஆராய்ச்சி செய்திருக்கிறார். ஈஸ்டிலிருந்து எடுத்த சாறு அந்த நோயைக் குணமாக்குகிறது என்று 1931இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்தை 1941இல் ஸ்பினாச் என்ற கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1991இல் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்கள், அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் எடுத்துக்கொண்டபோது, அதே குறை திரும்பவும் வருவது 72 சதவீதம் குறைந்தது. நான் அந்த வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்ட முடிவு.

முற்றிலும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. முதுகு மூடாமல் போகும் எல்லாவற்றுக்கும் இந்தச் சத்துக் குறைவுதான் காரணம் என்பதும் இல்லை. வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் பெண்கள், சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கல்யாணம் பேசும்போதே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், அவர்களுக்கு அளவு வேறு. மற்றப் பெண்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். முருங்கைக்கீரையிலும் பயறிலும் உளுந்திலும் இந்தச் சத்து உண்டு என்றாலும், நாம் கீரையைக் குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். சத்தில் ஒரு பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். செறிவூட்டிய அரிசியிலும் இதைச் சேர்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதில் இருக்கும் அளவு மாத்திரைக்கு ஈடாகாது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். அதில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பிணி என்று பதிவு செய்தவுடன் மறுபடியும் மாத்திரை வருகிறது. இரண்டுக்கும் நடுவே, பள்ளியை முடித்து, கல்லூரிக்கோ வேலைக்கோ போய், கல்யாணமாகி, நாள் தள்ளிப்போகும் வரைக்கும் பெரும்பாலோர் கைக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. வேண்டிய காலமோ அதுதான். கருத்தரிக்கும் முன்பிருந்தே 400 மைக்ரோகிராம் என்று அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அது தாளில் இருக்கிறது, வீட்டுக்கு வந்து சேரவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய வரும் பெண்ணிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்து அனுப்பலாம். 90 நாள் என்பது பலருக்குப் பிந்திவிடும் என்பதால், நிச்சயதார்த்தம் நடந்த வீட்டின் பெயரைக் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இன்னும் நல்லது. எங்கள் ஊர்ப்பக்கம் எந்த வீட்டில் எப்போது கல்யாணம் என்பது ஆறு மாதத்துக்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். செவிலியருக்கு மட்டும் பிள்ளை வயிற்றில் மூன்று மாதமான பிறகு தெரிகிறது.

அந்தப் பெண்ணின் இரண்டாவது பிரசவத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில், கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே மாத்திரை எடுத்துக்கொண்டாள். அட்டை தீர்வதற்கு முன்பே அடுத்த அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். 1998 ஐப்பசியில் ஆண் குழந்தை. பிறந்தவுடன் நான் முகத்தைப் பார்க்கவில்லை, திருப்பி முதுகைத்தான் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். வழுவழுவென்று இருந்தது. காலைச் சுண்டினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

சென்ற மாதம் அந்தப் பையனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் வளவு நிறையச் சாமான் பரப்பியிருந்தார்கள். வெள்ளி, எவர்சில்வர், பித்தளை, மரப் பெட்டி என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் அவன் தாய், இப்போது மாமியார், சிவப்பு நூல் பின்னிய ஓலைக் கொட்டானில் வெற்றிலை பாக்கு வைத்துப் புது மருமகளிடம் கொடுத்தாள். வெற்றிலைக்கு மேலே ஒரு மாத்திரை அட்டை இருந்தது. "இன்றிலிருந்தே நாள் தவறாமல் ஒன்று" என்றாள். "எதற்கு அத்தை?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அக்கா சொல்வார்கள்" என்று என்னைக் கைகாட்டினாள்.

நான் அந்தக் கொட்டானிலிருந்தே ஒரு வெற்றிலையை எடுத்து, நீவி, உள்ளங்கையில் விரித்து, அந்தப் பெண்ணுக்குத் தெரியும்படி இரண்டு ஓரத்தையும் மெதுவாக மேலே மடித்துக் காட்டினேன்.

இந்த வாரம் அந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வருமானால், 'கல்யாணம் நிச்சயமான நாள் முதல்' என்று அதைத் தொடங்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.